உபயம்: சுதாகர், சேலம்

செல்போன் அலறியது.

ராஜவேல் எடுக்கவில்லை.

அலறட்டும்! யார் கூப்பிடுகிறார்கள், எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். விடிந்ததிலிருந்து இந்த ஒரு அழைப்புக்காகத்தான் காத்திருக்கிறான்.

டீயை இன்னொரு வாய் உறிஞ்சினான். அப்புறம்தான் எடுத்தான்.

"சார்... நான் ரவிசங்கர் பேசுறேன் சார்! நீல்ல இருந்து..."

நீல் தீவில் ராஜவேலுக்கு ஒரு ரிசார்ட் இருக்கிறது. ரவிசங்கர் அதற்கு மேனேஜர். மத்தியானம் சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற மேனேஜர்.

"பேரு போன்லயே தெரியுதுல. விஷயத்தச் சொல்லு."

"நம்ம கௌதம் சார்... பின்னாடி பீச்ல... பாறைக்கு நடுவுல கிடக்காரு சார்! தலை பூரா ரத்தம்! செத்துட்டாரு சார்!"

"என்னது!"

அந்த 'என்னது'வைக் காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நாலு தடவை ஒத்திகை பார்த்திருந்தான். நன்றாகவே வந்தது.

"எந்த கௌதம்? நம்ம வெப்சைட் பண்ற பயலா?"

"அவருதான் சார். நெட் வரலைன்னு நேத்து பாக்க வந்தாரு. ராத்திரி சாப்பிட வரல. ரூம்ல தூங்குறாருன்னு நினைச்சேன். காலைல தண்ணி வத்தினதும் சங்கு பொறுக்குற ஆளுங்க பாத்துட்டு..."

"நீ தூங்குனா ஊரே தூங்கும்னு நினைப்பு! போலீஸுக்குச் சொல்லு. நான் வாரேன்."

போனை வைத்தான்.

சிரித்தான்.

ராஜவேலுக்கு மனிதர்களைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான். உலகத்தில் இரண்டு வகை. ராஜவேல் ஒரு வகை; மற்றவர்களெல்லாம் முட்டாள்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து காண்ட்ராக்ட் எடுக்க அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவன், இன்றைக்கு ஒரு டூரிஸ்ட் படகு, ஒரு ரிசார்ட், அபர்டீன் பஜாரில் ஓர் ஆபீஸ் என்று வளர்ந்திருந்தான். போதாததற்கு புரோத்ராபூர் முருகன் கோயிலுக்கு வெப்சைட் உபயம். வெப்சைட்டின் எல்லாப் பக்கத்திலும் பட்டு வேட்டியில் கை கூப்பியபடி அவன் போட்டோ. முருகன் படம் அதற்குக் கீழே, கொஞ்சம் சின்னதாக.

மூன்று வெப்சைட்டையும் செய்து கொடுத்தவன் கௌதம். தீவிலேயே பிறந்து வளர்ந்த பையன். செய்த வேலையோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். புத்தி சொல்கிற வியாதி அவனுக்கு.

வேலை தொடங்கிய அன்றைக்கே ஆரம்பித்தான்.

"சார், படகு சைட், ரிசார்ட் சைட், கோயில் சைட்... மூணுக்கும் தனித்தனி டேட்டாபேஸ் வெச்சிடலாம் சார். அதான் சேஃப்."

"டேட்டாபேஸ்னா?"

"மத்லப்... அதாவது பேரு, நம்பர், புக்கிங் எல்லாத்தையும் போட்டு வைக்கிற பீரோ மாதிரி சார்."

"மூணு கடைக்கு எதுக்குல மூணு பீரோ? ஒண்ணே போதும்!"

'ஒண்ணே போதும்' என்பது ராஜவேலின் தாரக மந்திரம். ஆபீஸில் ஆறு பேருக்கு ஒரே ஃபேன். படகில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஐந்து பேர். பெண்டாட்டி வைத்தியத்துக்கு மெயின்லேண்ட் போனபோதுகூட, துணைக்கு இரண்டாவது டிக்கெட் எதற்கு என்று தனியாக அனுப்பியவன்.

"ஓட்டலாம் சார், முடியாதுன்னு சொல்லல. இந்த சாஃப்ட்வேர்ல எத்தனை சைட்ட வேணாலும் ஒரே டேட்டாபேஸ்ல ஓட்டலாம். ஆனா ஆளுங்க விவரம் பொதுவாயிரும். ஒரே ஆள் மூணு சைட்லயும் இருந்தா, உள்ளே அவருக்கு ஒரே வரிதான். அதுல கை வெச்சா..."

"ஏல! ஒனக்கு சம்பளம் கம்ப்யூட்டர் தட்டுறதுக்கா, எனக்குப் பாடம் எடுக்கதுக்கா?"

கௌதம் வாயை மூடிக்கொண்டான்.

நேற்று மத்தியானம்தான் அதை மறுபடி திறந்தான். நீல் தீவிலிருந்து போன் செய்து, 'நேர்ல பேசணும் சார்' என்றான். அவன் குரலே சரியில்லை. ராஜவேல் உடனே தன் படகிலேயே கிளம்பிப் போனான். ரிசார்ட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்து நட்டிருந்த இன்டர்நெட் கம்பத்தின் அடியில் நின்றிருந்தான் கௌதம். சுற்றிலும் ஒரு ஈ, காக்காய் இல்லை.

"போன மாசம் ஆவுடையப்பன்னு ஒரு பெரியவர் நம்ம படகுலேருந்து விழுந்து செத்தாரு. லைஃப் ஜாக்கெட்கூடக் குடுக்கல. நீங்க அவரு படகுலயே ஏறலைன்னு சாதிச்சிட்டீங்க. படகு சைட்ல அவரு பேரை அழிச்சது நீங்கதான?"

"யாருல சொன்னா?"

"ரிசார்ட் சைட் சொல்லுது சார்! அவரு நம்ம ரிசார்ட்லதான் தங்கியிருந்தாரு. நீங்க படகுல அழிச்சதும் இங்கயும் ஆள் காணாமப் போயிட்டாரு. ரூம் பில் மட்டும் அநாதையா நிக்குது. எல்லாம் ஒரே இடம்னு அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"சரி, அதுக்கு என்ன இப்ப?"

"அவரு பொண்ணு எனக்கு போன் பண்ணி அழுவுது சார். 'எங்கப்பா படகுல ஏறுனாரா இல்லியா, அத மட்டுமாவது சொல்லுங்க'ன்னு. என்னால தூங்க முடியல. நாளைக்கு போலீஸ்ல சொல்லப் போறேன். உங்ககிட்ட சொல்லிட்டுச் சொல்லணும்னுதான்..."

சொல்லிட்டுச் சொல்ல வந்தானாம்! நாகரிகம்!

ராஜவேல் தள்ளினான்.

ஒரே தள்ளு. கீழே பாறை. கௌதம் இரண்டு தடவை கையை அசைத்தான். ராஜவேல் கல்லை எடுத்தான்... அப்புறம் அசையவில்லை. அலை ஏறி வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

திரும்பி வரும் படகில், கேப்டன் கேபினுக்குள் உட்கார்ந்து செல்லை எடுத்தான். படகு ஓட்டுகிற ஜம்புலிங்கம் அவனுடைய மச்சினன்.

"ஏல ஜம்பு, நான் இன்னைக்குப் படகுல வரல. காய்ச்சல்னு வீட்ல படுத்திருக்கேன். புரியுதா?"

"அத்தான்... லிஸ்ட்ல உங்க பேரு இருக்கே..."

அதுதான் சிக்கல். பேர் பதியாமல் யாரும் ஏறக்கூடாது என்பது படகுத்துறைச் சட்டம். அடையாள அட்டையைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள். பார்ப்பதில்லை. ஆனால் தலையை எண்ணுவார்கள், லிஸ்ட்டோடு எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். தன் பேரை அழித்தால் ஒரு தலை குறையும். தவிர, அழித்ததால்தானே அந்தக் கிழவன் விவகாரம் வெளியே வந்தது?

அழித்தால்தானே வம்பு? அழிக்கவில்லை!

மாற்றினான்.

படகு சைட்டுக்குள் அட்மினாகப் போனான். 'ராஜவேல், போர்ட் பிளேர்' என்றிருந்ததைத் திருத்தி, 'சுதாகர், சேலம்' என்று அடித்தான். போன் நம்பருக்கு வாய்க்கு வந்த பத்து எண்கள். சேவ்!

தலை எண்ணிக்கை சரி. ராஜவேல் இல்லை. யாரோ ஒரு சுதாகர் போனான், வந்தான், மாயமானான்.

கௌதம் போனதும் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று ராஜவேல் நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

* * *

இன்ஸ்பெக்டர் வைஜெயந்தி ஆபீஸுக்கு வந்தாள். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொப்பியை மேஜைமேல் வைத்து, அவனுக்கென்று வாங்கி வைத்திருந்த சமோசாத் தட்டைப் பார்த்தாள்.

"எடுத்துக்கட்டுமா சார்? காலைலேருந்து நீல்ல அலைச்சல்."

"எடுத்துக்கங்க."

இவள்தான் கொலையைக் கண்டுபிடிக்கப் போகிறாளாம்! சமோசா வாசனையைத் தவிர எதையும் மோப்பம் பிடிக்கிற மூஞ்சியாகத் தெரியவில்லை.

"முந்தாநேத்து நீங்க எங்க இருந்தீங்க சார்?"

"வீட்ல. காய்ச்சல். என் சம்சாரத்தக் கேளுங்க."

"கேட்டேன். நீங்க சொன்ன அதே வார்த்தையச் சொன்னாங்க. எழுத்து மாறாம." சமோசாவைக் கடித்தாள். "அச்சா... அன்னிக்குப் படகு லிஸ்ட் வேணும்."

"லிங்க் அனுப்புதேன். பேப்பர்ல அடிச்சுக் குடுக்குற செலவெல்லாம் நம்மகிட்ட கிடையாது. லிங்க்கத் தட்டுனா எப்ப வேணும்னாலும் லைவா பாக்கலாம். மேடத்துக்கு லிங்க் தொறக்கத் தெரியும்லா?"

"கத்துக்கிறேன் சார்."

மறுநாளே அவள் போன் வந்தது.

"சார், லிஸ்ட்ல இருக்கிற எல்லாரையும் புடிச்சிட்டோம். ஒருத்தர் மட்டும் கிடைக்கல. சுதாகர், சேலம். கௌதம் செத்த அன்னிக்குப் போயிட்டு அன்னிக்கே திரும்பியிருக்காரு. ரூம் எடுக்கல. நம்பரப் போட்டா அப்படி ஒரு நம்பரே இல்லைங்குது."

"அப்ப அவன்தான் மேடம் கொலைகாரன்!"

"எனக்கும் அப்படித்தான் தோணுது சார்."

"மெயின்லேண்ட்ல தேடுங்க! சேலத்துக்கு ஆள் அனுப்புங்க!"

"அனுப்பியாச்சு சார்."

போனை வைத்துவிட்டு ராஜவேல் வயிறு குலுங்கச் சிரித்தான். இல்லாத ஒருவனைத் தேடி ஒரு போலீஸ்காரன் கடல் தாண்டிப் போகிறான்! சர்க்கார் சம்பளத்தில்!

* * *

துக்கம் விசாரிக்காவிட்டால் நன்றாக இருக்காது. பெரார்கஞ்சில் இருந்த கௌதம் வீட்டுக்கு மாலையோடு போனான். பஜாரில் இருந்ததிலேயே மெலிந்த மாலை. ஒண்ணே போதும்.

கௌதமின் மனைவி ஸ்வேதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருஷனோடு சேர்ந்து அந்த மூன்று சைட்டிலும் வேலை பார்த்தவள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. அவளைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு கலங்கும். ராஜவேலுக்குக் கொட்டாவி வந்தது.

"வருத்தப்படாத தாயி. கடவுள் சித்தம். அவன் வெச்சிருந்த பாஸ்வேர்டு எல்லாம் எழுதிக் குடுத்திரு. வேற ஆள் பாக்கணும்லா?"

ஸ்வேதா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு உங்களப் பத்தி ஒரே ஒரு விஷயம்தான் சார் புலம்புவாரு. தனித்தனியா வைக்கச் சொன்னேன், கேக்க மாட்டேன்னுட்டாரு... என்னிக்காவது ஒருநாள் பெரிய வம்புல கொண்டுபோய் விடும்னு."

"எதைம்மா தனித்தனியா?"

கேட்டது ராஜவேல் இல்லை. சமையற்கட்டு வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்தாள் வைஜெயந்தி.

இவள் எங்கே போனாலும் தின்னவும் குடிக்கவும்தான் வருவாளோ? ராஜவேல் உதட்டைச் சுழித்துக்கொண்டு கிளம்பினான். பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பேசுவதைக் கேட்க அவனுக்குப் பொறுமை இல்லை.

கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

* * *

பங்குனி உத்திரம்!

புரோத்ராபூர் முருகன் கோயிலில் கூட்டம் நெரிந்தது. தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று தீவே திரண்டிருந்தது. காவடி ஆடி முடிந்து, உச்சி வெயிலில் அன்னதானப் பந்தல் முன்னால் வரிசை நீண்டது. பந்தல் தலைமாட்டில் பெரிய எல்.ஈ.டி. திரை. கோயில் வெப்சைட்டின் உபயதாரர் பக்கம் அதில் ஓடும். அன்னதானம் முழுக்க ராஜவேல் உபயம். இந்த ஒரு நாளுக்காகத்தான் அவன் வருஷம் முழுக்க முருகனைச் சகித்துக்கொள்கிறான்.

பட்டு வேட்டி சரசரக்க காரைவிட்டு இறங்கினான்.

மைக்கில் கோயில் தலைவர் சுந்தரத்தின் குரல் முழங்கியது.

"இன்றைய அன்னதான உபயம்... சுதாகர், சேலம்!"

ராஜவேலின் கால் நின்றுவிட்டது.

திரையைப் பார்த்தான்.

பட்டு வேட்டி. கூப்பிய கை. அகலமான சிரிப்பு. அவன் போட்டோதான்! கீழே ஆள் உயர எழுத்தில்...

'சுதாகர், சேலம்.'

"அரே பாய்!" வரிசையில் யாரோ கத்தினார்கள். "ராஜவேல் சேட் எப்ப பேரை மாத்திக்கிட்டாரு?"

"ஜோசியர் சொல்லியிருப்பாரு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுந்தரம் விடாமல் மைக்கில் மறுபடி வாசித்தார்.

"உபயதாரர் சுதாகர் அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்! சேலம் சுதாகர்!"

இது எப்படி இங்கே வந்தது? படகு சைட்டில் அல்லவா மாற்றினான்? செத்தும் கெடுக்கிறானே அந்தப் பயல்! சைட்டை ஒழுங்காகச் செய்யத் தெரியாத தற்குறி!

வாசலைப் பார்த்தான்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள் வைஜெயந்தி!

சுதாகரைத் தேடுகிறவள். இன்னும் திரையைப் பார்க்கவில்லை. குனிந்திருக்கிறாள். நிமிர்ந்தால் தொலைந்தது!

ராஜவேல் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பதுங்கினான். செல்லை எடுத்தான். கோயில் சைட்... அட்மின்... உபயதாரர்... சுதாகர், சேலம். தட்டினான். ஊர், பேர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'ராஜவேல், போர்ட் பிளேர்' என்று அடித்தான்.

கோயில் சைட்டில்தானே மாற்றுகிறோம்? படகு சைட்டில் சுதாகர் பாட்டுக்குப் பத்திரமாக இருப்பான்.

சேவ்!

திரை ஒரு தடவை மினுக்கியது. கூப்பிய கைக்குக் கீழே... 'ராஜவேல், போர்ட் பிளேர்'.

"ஆங், சேட் வந்துட்டாரு!" என்று வரிசையில் கை தட்டினார்கள்.

ராஜவேல் மூச்சு விட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டிரம்முக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான்.

எதிரே வைஜெயந்தி நின்றாள். பக்கத்தில் ஸ்வேதா. நாலு போலீஸ்காரர்கள். அவர்களுக்கு நடுவில் தலையைத் தொங்கப் போட்டபடி ஜம்புலிங்கம்.

"சாமி கும்பிட்டாச்சா சார்?"

"இப்பதான்... வாங்க மேடம், சாப்பிடுங்க. நம்ம உபயம்தான்."

"சாப்பிடலாம். அதுக்கு முன்னாடி ஒரு அதிசயத்தப் பாருங்க." தன் செல்லை நீட்டினாள். "நீங்க அனுப்பின படகு லிங்க். லைவா பாக்கலாம்னீங்களே... இத்தனை நாளா இதுல சுதாகர்னு இருந்துச்சு. இப்ப பாருங்க."

ராஜவேல் பார்த்தான்.

நீல் தீவுக்குப் போன படகு. திரும்பிய படகு. இரண்டு லிஸ்ட்டிலும், சுதாகர் இருந்த இடத்தில்...

'ராஜவேல், போர்ட் பிளேர்.'

"இது... கம்ப்யூட்டர் கோளாறு!"

"கோளாறே இல்ல சார்," என்றாள் ஸ்வேதா. அவள் குரல் நடுங்கியது, கண் நடுங்கவில்லை. "மூணு சைட்டுக்கும் ஒரே டேட்டாபேஸ். ஆளுக்கு ஒரே வரி. ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் மாறும். இத்தனைதான் அவரு உங்ககிட்ட சொல்ல வந்தது. நீங்க ஒருநாளும் முழுசாக் கேக்கல."

"காலைல இந்தத் திரையப் பாத்துட்டு இவங்கதான் ஓடி வந்து சொன்னாங்க," என்றாள் வைஜெயந்தி. "போட்டோ உங்களுது, பேரு சுதாகரோடது. அப்பவே கையில விலங்கோட வந்திருக்கலாம். கோளாறுன்னு இதே மாதிரி சொல்லித் தப்பிச்சிருப்பீங்க. அதான் சுந்தரம் ஐயாகிட்ட சத்தமா வாசிக்கச் சொன்னேன். நாலு பேர் சிரிச்சா நீங்க தாங்க மாட்டீங்க, நீங்களே மாத்துவீங்கன்னு தெரியும். டிரம்முக்குப் பின்னாடி நீங்க தட்டினது, திரை மாறினது, லிஸ்ட் மாறினது... எல்லாம் வீடியோல இருக்கு."

"ஏல ஜம்பு! சொல்லுல! நான் அன்னைக்குப் படகுல வரலேன்னு சொல்லுல!"

ஜம்புலிங்கம் தலையை நிமிர்த்தவே இல்லை.

"சொல்லிட்டேன் அத்தான். ஆவுடையப்பன் பெரியவர் படகுல ஏறினதையும் சேத்தே சொல்லிட்டேன்."

ஸ்வேதா செல்லை எடுத்தாள். பந்தலை விட்டு விலகி நின்று, முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணிடம் பேசினாள்.

"அம்மா... நான் கௌதம் சம்சாரம் பேசுறேன். உங்கப்பா படகுலதாம்மா ஏறியிருக்காரு. அவரு பேரு அழிஞ்சாலும், ஏத்தினவங்க ஒத்துக்கிட்டாங்க. அதச் சொல்லணும்னுதான் என் வீட்டுக்காரர்..." அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

விலங்கு மாட்டும்போதுதான் ராஜவேலுக்குப் பழைய திமிர் எட்டிப் பார்த்தது.

"என்ன பெருசா கிழிச்சிருவீங்க? மெட்ராஸ்லேருந்து வக்கீல் வருவான்! அதுவரைக்கும் கண்ட களவாணிப் பயலுவளோட என்னைய அடைக்கக்கூடாது. எனக்குத் தனி செல் வேணும்!"

வைஜெயந்தி பந்தலிலிருந்து ஒரு தொன்னைப் பொங்கலை எடுத்துக்கொண்டு நிதானமாக ஜீப்பில் ஏறினாள்.

"ஸ்டேஷன்ல ரெண்டு செல் காலியாத்தான் இருக்கு சார். ராஜவேலுக்கு ஒண்ணு, சுதாகருக்கு ஒண்ணுன்னு ஒதுக்கலாம்னு பாத்தேன்... எதுக்கு வீண் செலவு? ஒண்ணே போதும்!"